நாளைக்கே அடைத்தால் எவ்வளவு?

வட்டி எவ்வளவு என்று அருள்மேரி கேட்பதே இல்லை. அதைச் சொல்ல மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தயாராக இருப்பார்; அவருக்குப் பின்னால் சுவரிலும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அருள்மேரி கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, வேறொன்று கேட்பாள்.

"சார், இன்னைக்குக் கடன் குடுக்கறீங்க. நாளைக்கே வந்து மொத்தத்தையும் அடைச்சிடறேன்னு சொன்னா எவ்ளோ கட்டணும்?"

வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனிகளில் இந்தக் கேள்விக்கு யாரும் உடனே பதில் சொன்னதில்லை. ஒருவர் சிரித்தார். ஒருவர் உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். ராயப்பேட்டையில் ஒருவர், "ஏம்மா, முகூர்த்தம் முடியறதுக்குள்ள பொண்ணத் திருப்பி அனுப்புறதப் பத்திக் கேக்குறீங்களே" என்றாராம். "அனுப்பலனாலும் தெரிஞ்சு வச்சிக்கறேன் சார்" என்று இவள் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். கடைசியில் ஒரு தாளில் கூட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கும்போது பிடித்துக்கொள்ளும் கட்டணம், வக்கீல் பார்வையிடும் கட்டணம், பொறியாளர் வந்து வீட்டை அளக்கும் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம். சுவரில் எழுதாத அத்தனையும் அந்த ஒரு தாளில் வந்து உட்கார்ந்துவிட்டன.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமின் மருந்துப் பிரிவில் அவளுக்கு வேலை. பதினேழு வருஷமாக மாத்திரை அட்டைகளைப் பின்பக்கம் திருப்பிக் காலாவதித் தேதி பார்த்துப் பழகியவள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முதலில் பின்பக்கம்தான் பார்ப்பாள். அவள் குடும்பமும் நாங்களும் முடிச்சூர் ரோட்டில் ஒரே வீட்டில் இரண்டு போர்ஷன்களில் குடியிருந்தோம். நான் கொடுத்த பொங்கல் வாழ்த்து அட்டையையும் அப்படித்தான் வாங்கினாள். நாற்பத்து மூன்று வயது, குள்ளம், நடையில் எப்போதும் ஒரு பஸ்ஸைப் பிடிக்கப் போகிற அவசரம். பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பையைப் பார்த்துப் பேசுவாள். சண்டைக்கு வருகிறாளோ என்று புதியவர்களுக்குத் தோன்றும்.

கம்பெனிகளை ஒப்பிட அவளிடம் இருந்த சாதனம் மாத்திரைக் கவர். பழுப்புக் காகிதத்தில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்குமே, அதுதான். ஒரு கம்பெனிக்கு ஒரு கவர். கடன் கைக்கு வருவதற்கு முன் கொடுக்க வேண்டியதெல்லாம் காலைக் கட்டத்தில். தவணை, காப்பீடு என்று வருஷக்கணக்காகக் கொடுப்பது மதியத்தில். அடைத்து முடிக்கும்போது கேட்பார்களே, அது இரவில். "காலைல கசப்பு இருந்தாத் தெரிஞ்சிடும்க்கா. ராத்திரி டோஸ்தான் ஆளக் கவுக்கும்" என்பாள். எங்கள் தெருவில் ஆறு குடும்பங்கள் அவள் கவரைப் பார்த்துத்தான் கடன் வாங்கின. அதற்காக யாரிடமும் ஒரு காபிகூடக் குடித்ததில்லை.

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது பேபிக்குத் தெரியும். பேபி அவளோடு அதே நர்சிங் ஹோமில் இருந்த நர்ஸ். தொண்ணூற்றொன்றில் ஒரு லட்சம் கடன் வாங்கப்போன பேபிக்கு, இருப்பதிலேயே வட்டி குறைந்த கம்பெனியைத் தேடிக் கொடுத்தவள் அருள்மேரிதான். பேபியின் கணவருக்கு வேலை போனதும் நகைகளை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று போனார்கள். இருபத்து மூன்று மாதம் தவணை தவறவில்லை. ஆனால் ஒரு லட்சத்தில் கழிந்திருந்தது ஐயாயிரம்கூட இல்லை. அந்தக் கம்பெனியில் வருஷ ஆரம்பத்தில் எவ்வளவு பாக்கியோ அதற்கே வருஷம் முழுக்க வட்டி. ஏப்ரலில் கட்டும் தவணை அடுத்த மார்ச் வரை மேஜை இழுப்பறையில் தூங்கும். போதாக்குறைக்கு, சீக்கிரம் அடைப்பதற்கு இரண்டு சதவீதம் அபராதம். பேபி சண்டை போடவில்லை. அதுவரை இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அன்றிலிருந்து பேபி பன்னிரண்டு மணிக்கே சாப்பிட ஆரம்பித்தாள். பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனாள்.

தொண்ணூற்றேழில் அருள்மேரி தனக்கே வீடு பார்த்தாள். பீர்க்கன்கரணையில் அரை கிரவுண்டில் ஒரு மொட்டை மாடி வீடு, கிணறு, இரண்டு தென்னை. விற்றவர் ஸ்ரீநிவாசராகவன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறார். விலை இரண்டு லட்சத்து முப்பதாயிரம். முன்பணம் முப்பதாயிரம். அருள்மேரியின் இரட்டை வடச் சங்கிலியும், ஓர் அச்சுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்த அவள் கணவன் சவுரிமுத்துவின் பி.எஃப். பணமும் சேர்ந்துதான் அந்த முப்பது. ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி மாலை ஆறு மணிக்குள் கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒப்பந்தமும் இல்லை, முப்பதாயிரமும் இல்லை. ஆறு மணி என்பதை ஸ்ரீநிவாசராகவன் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

ஐந்து கவர்கள் இரண்டாகச் சுருங்கின. ஒன்று அவள் 'ஏசி கம்பெனி' என்று சொன்னது. உள்ளே குளிரும், ஏலக்காய் டீ கொடுப்பார்கள், பதினைந்து சதவீதம், கடைசி வரை மாறாத வட்டி, ஏழு நாளில் கடிதம். இன்னொன்று சைதாப்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த 'ஃபேன் கம்பெனி'. காகிதம் பறக்காமலிருக்க ஒவ்வொரு மேஜையிலும் கருங்கல் ஜல்லி. அங்கேயும் மாறாத வட்டிதான். ஆனால் கால் சதவீதம் அதிகம். கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

சவுரிமுத்துவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அருள்மேரி அவன் முன்னால் இரண்டு கவர்களையும் வைத்து, இரண்டு லட்சத்துக்கு மாதத் தவணையை மட்டும் விரலால் காட்டினாள். ஏசி கம்பெனியில் இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. ஃபேன் கம்பெனியில் அதைவிடப் பதினாறு ரூபாய் குறைவு.

"வட்டி கம்மியான எடத்துல தவணை ஏன்யா ஜாஸ்தி கீது? அத யோசி."

ஏசி கம்பெனியிலும் அதே இழுப்பறைத் தூக்கம்தான். அதோடு கட்டாயக் காப்பீடு, இரட்டிப்புக் கட்டணம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'அசாதாரணச் சூழலில் வட்டி விகிதம் மாற்றத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி. மாறாத வட்டிக்கு உள்ளேயே மாறும் வழி. அந்த வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலே பதினைந்து வருஷத்தில் ஒன்பதாயிரத்து முந்நூறு சொச்சம் கூடுதல்.

ஃபேன் கம்பெனியில் ஜூலை முதல் வாரம் விண்ணப்பம் கொடுத்தாள். அங்கேயும் தன் கேள்வியைக் கேட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு எப்போது அடைத்தாலும் அபராதம் இல்லை என்று ஒரு குமாஸ்தா பதில் சொல்லி, எதையோ குறித்துக்கொண்டார். ஒழுங்கான இடம் என்று அவளுக்குத் திருப்தி.

ஜூலை போயிற்று. ஆகஸ்ட் ஏழாம் தேதி சவுரிமுத்து ஏசி கம்பெனியின் விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, தன் கையெழுத்தையும் போட்டுக் கொண்டுவந்தான். நடுச்சுவர் மெல்லியது, எங்கள் பக்கம் நாங்கள் டிவியின் ஒலியைக் கூட்டியும் கேட்டது.

"ஒம்போதாயிரத்தக் காப்பாத்தறேன்னு முப்பதாயிரத்த வுடப் போறே. கணக்குப் பாத்துக்கினே இரு, வூடு போய்க்கினே இருக்கும்."

மறுநாள் காலை குழாயடியில் பார்த்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன. "கையெழுத்துப் போடலக்கா" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பேபிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்றாள். பதிமூன்றாம் தேதி ஃபேன் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டாள். நாளை காலை வாருங்கள், கடிதம் தயார் என்றார்கள்.

பதினான்காம் தேதி வியாழக்கிழமை. மறுநாள் சுதந்திர தினம், அதற்கடுத்து சனியும் ஞாயிறும். பத்து மணிக்கு ஃபேன் கம்பெனியில் அவள் முதல் ஆளாக இருந்தாள். மேலாளர் ஹிதாயத்துல்லா கோப்பைத் திறந்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார், ஓரத்தில் ஒரு குறிப்பைப் படித்தார், மூடியை மறுபடி போட்டார். இதெல்லாம் அன்று ராத்திரி அவளே சொன்னதுதான். மூடி போட்ட சத்தத்தைக்கூடச் சொன்னாள்.

குமாஸ்தா எழுதியிருந்தது இது: 'விண்ணப்பதாரர் உடனே கடனை அடைப்பது பற்றி விசாரித்தார். சொந்தப் பணம் இருப்பதாகத் தெரிகிறது. விளக்கம் பெறவும்.'

இதற்கு முன் இரண்டு பேர் இப்படிக் கேட்டுவிட்டுக் கடன் வாங்கினார்களாம். இருவருமே வீட்டு வியாபாரிகள். மூன்றே மாதத்தில் விற்று அடைத்துவிட்டுப் போனார்களாம். குடியிருக்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கடன் என்று ஹிதாயத்துல்லா பொறுமையாக விளக்கினார்.

"அது நான் எல்லாரையும் கேக்கறது சார். சும்மா, உள்ள இன்னா இருக்குன்னு பாக்கறதுக்கு."

"எனக்குப் புரியுதும்மா. ஃபைலுக்குப் புரியணுமே."

கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்ட விளக்கக் கடிதம் ஒன்று வேண்டும். நாலு மணிக்குள் கொண்டுவந்தால் இன்றே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்ல, அவள் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினாள். எங்களிடம் வேறு சேமிப்போ, நகையோ, நிலமோ, வர வேண்டிய பணமோ எதுவும் இல்லை. இந்தக் கடனை முன்கூட்டி அடைக்கும் சக்தி எங்களுக்கு இல்லை. பதினைந்து ஆண்டுகளும் தவணையாகவே கட்டுவோம். அக்கம்பக்கத்தில் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்க மாட்டாள் அவள். அந்தத் தாளை எழுத இருபது நிமிஷம் ஆனதாம்.

சவுரிமுத்துவின் தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி உள்ளே இருந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள். எடுத்தவர் கேட் வாட்ச்மேன்.

"சாவாம்மா?"

"இல்லங்க, ஒரு கையெழுத்து."

"சாவுக்கு மட்டும்தான் ஆள வெளிய கூப்புடலாம். ஆர்டர் அப்படி."

ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவன் தாம்பரத்துக்கே வந்து நின்றிருப்பான். அவள் ரிசீவரை வைத்துவிட்டு, காசு கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்துக்கு ஓடினாள். தாம்பரம் வரை ரயில். அங்கிருந்து செங்கல்பட்டு பஸ். கூடுவாஞ்சேரியில் ரயில்வே கேட் பக்கம் லாரி ஒன்று குறுக்கே நின்று கால் மணி போனது. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் கொடி குத்திக்கொண்டு ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார்கள். தொழிற்சாலை கேட்டுக்கு வந்தபோது ஒன்று பத்து. சாப்பாட்டு மணி ஒன்றுக்கே அடித்துவிட்டது.

வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார். போனில் பேசியவளா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"சாவுன்னு சொல்லியிருந்தா அப்பவே இட்டாந்திருப்பேனே."

"எப்படிங்க அப்படிச் சொல்றது?"

அவர் பதிவேட்டை மூடிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே நடந்தார்.

சவுரிமுத்து கைகளைப் பஞ்சில் துடைத்துக்கொண்டே வந்தான். தாளின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, முதலிலிருந்து கடைசி வரை படித்தான். மறுபடி படித்தான். திட்டப் போகிறான் என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம்.

"இந்தக் கடுதாசிய நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உங்கப்பா கைல குடுத்திருந்தா, என்ன வாசல்லயே நிக்க வச்சி அனுப்பியிருப்பாரு."

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். சவுரிமுத்து அவர் முதுகிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். திருப்பிக் கொடுக்கும்போதுதான் குரல் மாறியது. "இது நடக்கலன்னா நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா நீயே உன்னக் கேட்டுக்கினு இருப்ப. அதான் எனக்கு பயமா கீது. போ, ஓடு."

மாலை ஐந்தரை மணிக்கு நான் பீர்க்கன்கரணையில் ஸ்ரீநிவாசராகவன் வீட்டு முன்னறையில் இருந்தேன். சாட்சி என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் குரோம்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், மடியில் தோல் பையோடு. பதினைந்தாயிரம் கூடுதலாகத் தர வந்திருப்பவர் என்று எனக்கு முன்பே தெரியும். பையை அவர் கீழே வைக்கவே இல்லை. இந்தச் சுவரை இடித்துவிட்டால் ஷட்டர் போடலாம் என்று எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்ரீநிவாசராகவன் கெட்டவர் இல்லை. எனக்குக் காபி கொடுத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டார். "ஆறு மணி வரைக்கும் நான் கட்டுப்பட்டவன், மாமி" என்றார் என்னிடம். "ஆறு அடிச்சப்பறம் நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை." அவர் மனைவி உள்ளே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. பின்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அருள்மேரி படியேறினாள். புடவை ஓரமெல்லாம் சேறு. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபேன் கம்பெனிக்குள் நுழைந்தாளாம். ஹிதாயத்துல்லா விளக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு, அதைக் கோப்பில் வைப்பதற்கு முன் ஒருமுறை அவளைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு தட்டச்சுக்காரர் தேதியில் ஒரு தப்புச் செய்ய, அதைத் திருத்தி வாங்க அரைமணி. இதெல்லாம் பிற்பாடு சொன்னது. அப்போது உறையை ஸ்ரீநிவாசராகவன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். உறையைக் கிழிக்காமல் ஓரத்தைப் பிரித்தார். தொகை, பெயர், வீட்டின் சர்வே எண், முத்திரை. ஒவ்வொன்றாக ஒப்பந்தப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தார். கடிகாரத்தில் ஆறாக மூன்று நிமிஷம் இருந்தது.

"சரியா இருக்கு" என்றார்.

ஜவுளிக்கடைக்காரர் பையின் பூட்டைத் திறந்தார். பதினைந்தை இருபத்தைந்தாக ஆக்கிக்கொள்ளலாம், இன்றே ரொக்கம், இந்த அம்மாவின் முப்பதாயிரத்தையும் தானே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு என்பதைப் போல என்னையும் பார்த்துத் தலையாட்டினார். ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்தார். நிதானமாகத்தான் துடைத்தார். அருள்மேரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஆறு மணின்னு எழுதினேன். அவா அதுக்குள்ள வந்துட்டா" என்றார் அவர். "நீங்க பையை மூடிக்கோங்கோ."

ஜவுளிக்கடைக்காரர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மேலே தொட்டி நிரம்பி, சன்ஷேடில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வழக்கம்போல ஸ்ரீநிவாசராகவன் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் போனார்.

"நீங்க இருங்க சார்" என்று சொல்லிவிட்டு அருள்மேரி எழுந்தாள். கூடத்தைத் தாண்டி, பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு, சுவிட்ச் எங்கே என்று யாரையும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய் மோட்டாரை அணைத்தாள்.